அறுபத்து மூன்று காலர்

என் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பழக்கம் கிடையாது. அப்போதெல்லாம் அவள் சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரர், "என்ன, புதுசா ரேடியோ வாங்கியிருக்கீங்களா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு எப்போது என்று தெரியாமல் கை வாய்க்கு வந்துவிட்டது. "உள்ள அப்படி என்ன நகை வச்சிருக்கீங்க, இந்தப் பூட்டு பூட்டுறீங்க?" என்று நான் சீண்டுவேன். "எல்லாம் உங்க அண்ணன் போட்டதுதான்" என்பாள். அண்ணன் ஒரு குண்டுமணி நகை போட்டதில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நாங்கள் இருவரும் ஒரே சட்டைக் கம்பெனியில் வேலை செய்தோம். அவள் மூன்றாவது லைனில் காலர் தைத்தாள், மணிக்கு அறுபது. சூப்பர்வைசரிலிருந்து கேட்டில் உட்கார்ந்திருப்பவர் வரை எல்லோருக்கும் அவள் காலர் அக்கா. நான் அதே லைனுக்கு போர்டு எழுதுகிறவள். மணிக்கு ஒருமுறை எத்தனை பீஸ் முடிந்தது, டார்கெட்டுக்கு எத்தனை குறைந்தது, லைன் நின்றிருந்தால் எத்தனை நிமிடம், எதனால் நின்றது என்று வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டு, சாயங்காலம் தாளில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். எதனால் என்பதற்கு அச்சடித்த பத்துக் காரணங்கள் உண்டு. ஊசி, நூல், மிஷின், கரண்ட், பண்டல் வரவில்லை, இந்த மாதிரி. அதில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும். பதினொன்றாவதாக ஒரு காரணத்துக்கு உலகத்தில் எதுவும் நின்றுபோகாது என்பது கம்பெனியின் நம்பிக்கை.

என் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு நான் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தேன். வந்தவளை அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. அந்த நன்றிக்கு நானாகவே ஞாயிற்றுக்கிழமைத் துணி துவைப்பதை எடுத்துக்கொண்டேன். அதனால்தான் அவளுடைய தலையணை உறை எனக்குத் தெரியும். வலது ஓரத்தில் வெளிறிய பழுப்பில் ஒரு வட்டம் இருக்கும், அதன் விளிம்பு மட்டும் கொஞ்சம் கருத்திருக்கும். தூக்கத்தில் வாயோரம் வழிந்த எச்சிலும் பல் ஈற்றிலிருந்து கசிந்த ரத்தமும் காய்ந்த கறை. சோப்புக்கு அசையாது. வாரா வாரம் ஊறவைத்துத் தேய்த்து, அது போகாமல், அப்படியே உலர்த்தி மடித்து வைப்பேன்.

ஈறுதானே. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசியதெல்லாம் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். பல் என்றால் பயப்படுவோம், ஈறு என்றால் யார் பயப்படுகிறார்கள்? காலையில் பல் தேய்த்தால் தொட்டியில் ரோஸ் நிறத்தில் தண்ணீர் ஓடும். அண்ணி உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பாள். அண்ணன் டிவியில் எந்த பேஸ்ட்டுக்கு வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் வருகிறாரோ அந்த பேஸ்ட்டை வாங்கி வருவார். சிவப்பு, பச்சை, நீலம் என்று குழாய்கள் மாறிக்கொண்டே இருந்தன, தொட்டியின் நிறம் மாறவில்லை. வலி வந்தால் கம்பெனி முதலுதவி அறையில் நர்ஸ் ஒரு மாத்திரை தருவாள். சும்மா கிடைக்கிற மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு அண்ணி அறுபது காலர் தைப்பாள். பிறகு இடது பக்கம் மெல்லுவதை விட்டாள். அதற்கப்புறம் மெல்லுவதையே முக்கால்வாசி விட்டாள். மத்தியானம் கேன்டீனில் ரொட்டியை டீயில் முக்கி முக்கி விழுங்குவாள். இரண்டு மணிக்கு மேல் பசி மயக்கத்தில் அவளுடைய எண்ணிக்கை ஐம்பதுக்கு இறங்கும். நான் போர்டில் "நூல்" என்று எழுதிச் சமாளிப்பேன்.

ஒரு தடவை போனாள். பல் ஆஸ்பத்திரியில் காலையில் மட்டும்தான் பார்ப்பார்கள். காலை போனால் நாள் போச்சு. எங்கள் கம்பெனியில் மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டாலும் அந்த மாதத்து வருகை போனஸ் மொத்தமும் போகும். அப்படி ஒரு நாளை விட்டுக்கொடுத்துத்தான் போனாள். உள்ளே இருந்த டாக்டரம்மா கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டாராம். "பல் நல்லாத்தாம்மா இருக்கு, அதைப் பிடிச்சிருக்கிற இடம்தான் கரையுது. பல்லுல காரை கட்டியிருக்கு. வாரம் ஒரு காலை, நாலு வாரம் வாங்க, எடுத்துடலாம்" என்றாராம். அன்றைக்கே முதல் தடவையாகக் காரை எடுத்ததில் ரத்தம் கொட்டியது. வீட்டுக்கு வந்தால் தெருவே கூடிப் புத்தி சொல்லியது. க்ளீன் பண்ணினால் பல் ஆடிவிடும் என்றார்கள். யாரோ ஒருவருடைய மச்சானுக்கு வரிசையாக விழுந்ததாம்.

தெருவின் மேல் மட்டும் பழி போட்டால் நான் நல்லவளாகிவிடுவேன். அடுத்த வாரம் அவள் கிளம்பத்தான் இருந்தாள். அந்த வாரம் எங்கள் லைன் டார்கெட்டில் பின்தங்கியிருந்தது. காலர் வராவிட்டால் காலர் மாட்டுகிறவள் சும்மா உட்காருவாள், அவளுக்குப் பின்னால் கை மாட்டுகிறவள் சும்மா உட்காருவாள், என் போர்டு சிவப்பாகும். லைன் போனஸ் நாற்பது பேருக்கும் பொது, எனக்கும்தான் அதில் பங்கு. "இந்த ஷிப்மென்ட் முடியட்டும் அண்ணி, அப்புறம் நிம்மதியா போங்க" என்றேன். அவள் சரி என்றாள். அந்த ஷிப்மென்ட் முடிவதற்குள் அடுத்தது வந்தது. மூன்று வருஷம் அப்படி ஓடியது. ஒரு தடவைகூட நானாக, "ஆஸ்பத்திரி என்னாச்சு?" என்று கேட்கவில்லை.

தையல்காரிகளுக்கு ஒரு வைத்தியம் தெரியும். ஊசி குத்தித் துணியில் ரத்தப் புள்ளி விழுந்தால் தண்ணீர் தேடி ஓடக்கூடாது. மிஷினை விட்டு எழுந்தால் மூன்று நிமிடம் போகும். கழிவு நூலைச் சின்ன உருண்டையாகச் சுருட்டி, வாயில் போட்டு எச்சிலில் நனைத்து, புள்ளி மேல் ஒற்றினால் போய்விடும். யார் ரத்தமோ அவள் எச்சில்தான் கேட்கும், அடுத்தவள் எச்சிலுக்குப் போகாது என்பது லைனில் சட்டம். இது உண்மையா என்று யாரும் ஆராய்ச்சி செய்ததில்லை. வருஷக்கணக்காக எங்கள் கண் முன்னால் வேலை செய்கிறது, அது போதும். இன்னொரு பழக்கமும் உண்டு. நூல் வெட்ட ஒவ்வொரு மிஷினிலும் சின்னக் கத்தரியைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதைத் தேடிப் பிடிக்க இரண்டு விநாடி ஆகும். பல்லால் கடித்தால் அரை விநாடி. அறுபது காலர் தைக்கிறவள் எதைச் செய்வாள்?

அந்த வாரம் வெள்ளைச் சட்டை. திங்கட்கிழமை அண்ணியின் ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கியது. டேப் சுற்றிக்கொண்டு தைத்தாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் காலர் ஓரத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்திருக்கிறது. டேப்பை மீறி விரல் கசிகிறது என்று நினைத்தாள். நூல் உருண்டையை வாயில் நனைத்து ஒற்றினாள். ஈரத்தில் வெள்ளையாகத்தான் தெரிந்தது. அடுத்த காலருக்குப் போய்விட்டாள். விரலில் ரத்தம் திங்கட்கிழமையே நின்றுவிட்டது. நூலைக் கடிக்கக் கடிக்க ஈறுதான் கசிந்தது. அதை அவள் ஈற்றில் ஊறிய எச்சிலாலேயே துடைத்திருக்கிறாள். பிரஷ் பட்டால்தான் ஈற்றில் ரத்தம் வரும் என்பது அவள் கணக்கு.

வியாழக்கிழமை பத்து இருபதுக்கு அயர்ன் பிரிவிலிருந்து செக்கிங் அம்மா ஓடி வந்தார். கையில் ஒரு சட்டை. காலரில் இஸ்திரிச் சூட்டில் கிளம்பிய வெளிறிய பழுப்பு வட்டம், விளிம்பு மட்டும் கருத்திருந்தது.

எனக்கு அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிறு தவறாமல் நான் தேய்க்கிற கறை அது. போர்டுப் பக்கமிருந்து நிமிர்ந்தேன். அண்ணியும் அந்தச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் கை மெல்ல வாய்க்குப் போனது.

மேனேஜர் வந்தார், லைனை நிறுத்தச் சொன்னார். எங்கள் தொழிலில் துணியில் ரத்தம் என்றால் முதல் சந்தேகம் ஊசி மேல்தான். உடைந்த ஊசி முனை சட்டைக்குள் போய், வாங்கிப் போடுகிறவர் கழுத்தில் குத்தினால் கம்பெனியை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆகவே நாற்பது மிஷினும் நின்றது. எல்லா ஊசிகளையும் கழற்றி எண்ணினார்கள். காந்தம் கட்டிய குச்சியால் தரையைத் தடவினார்கள். பேக்கிங்கில் போன பெட்டிகளையெல்லாம் உடைத்துச் சட்டைகளைத் திரும்பக் கொட்டினார்கள். கறையோடு கிடைத்தது அறுபத்து மூன்று. எங்களைக் கை நீட்டச் சொல்லி விரல் விரலாகப் பார்த்தார்கள். டேப் சுற்றாத தையல்காரி எங்கே இருக்கிறாள்? அன்றைக்கு மட்டும் எட்டுப் பேர் விரலில் டேப் இருந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு ஊசி முனை கிடைத்தது. காலர் மாட்டும் மிஷினின் பெடலுக்கு அடியில். அந்த மிஷினில் இருந்தவள் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண், லைனில் அவளுக்குச் சின்னது என்று பெயர். அண்ணி தைத்த காலர் அவள் கைக்குத்தான் போகும். செவ்வாய்க்கிழமை ஊசி உடைந்திருக்கிறது, சொல்லப் பயந்துகொண்டு இன்னொருத்தியிடம் கடன் ஊசி வாங்கிப் போட்டிருக்கிறாள்.

"உடைஞ்சதை ஏம்மா மறைச்ச?" என்றார் மேனேஜர்.

"திட்டுவீங்கன்னு சார். முனையைத் தேடினேன், கிடைக்கல. ஆனா எனக்கு ரத்தம் வரல சார், சத்தியமா வரல."

"ரத்தம் வராமத்தான் அறுபத்து மூணு சட்டை கெட்டுச்சா? பையை எடுத்துக்க. ஆபீஸ் ரூமுக்கு வா."

அவள் பையை எடுக்கக் கை வராமல் நின்றாள். மேனேஜருக்கு உள்ளுக்குள் நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் அச்சடித்த பத்தில் முதல் காரணம்.

அண்ணி அசைந்தாள். அவள் எழப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அண்ணிக்கு நாற்பத்து நாலு வயது. எங்கள் ஊர்க் கம்பெனிகளில் நாற்பதைத் தாண்டியவளைப் புதிதாக எவனும் சேர்க்க மாட்டான். இந்த நாற்காலி போனால் இன்னொரு நாற்காலி அவளுக்குக் கிடையாது. அண்ணனுக்கு வண்டி ஓடினால் காசு, ஓடாவிட்டால் இல்லை. சின்னதுக்கு இருபது வயது, நாளைக்கே அடுத்த கம்பெனியில் போய் உட்காருவாள். இவ்வளவையும் அந்த ஒரு தலையாட்டலில் சொன்னேன். அண்ணிக்கும் புரிந்தது.

அப்புறம் எழுந்தாள்.

"சார், அது ஊசி இல்ல. என் வாய்."

"என்னது?"

"ஈறு சார். கொஞ்ச நாளா கசியுது. நூலைப் பல்லால கடிச்சேன், அப்புறம் எச்சில் தொட்டுத் துடைச்சேன். அவ மேல தப்பில்ல."

மேனேஜருக்கு விளங்கவில்லை. சின்னதைக் காப்பாற்றக் கதை விடுகிறாள் என்று நினைத்திருப்பார். "சும்மா இரும்மா, உட்காரு" என்றார். அண்ணி இரண்டடி முன்னால் வந்தாள், கையை எடுத்தாள், வாயைத் திறந்தாள். உதட்டை விரலால் இழுத்துக் கீழ் வரிசையைக் காட்டினாள். வருஷக்கணக்கில் என்னிடம்கூடக் காட்டாததை நாற்பது பேருக்கும் காட்டினாள். ஈறு கருஞ்சிவப்பில் வீங்கி, பற்கள் வேர் தெரிய நீண்டு நின்றன. மேனேஜர் பின்னால் நகர்ந்தார். செக்கிங் அம்மா மூக்கை மூடிக்கொண்டார். எங்கோ பின்னால் ஒருத்தி சிரித்தாள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவளை நினைத்து இல்லை, என்னை நினைத்து.

அண்ணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்றரைக்கு லைன் திரும்ப ஓடியது. மூன்று மணி பத்து நிமிடம் நின்றிருக்கிறது, நாற்பது பேர். நான் போர்டு எழுதுகிறவள், எண்ணிக்கை தானாக மனதில் ஓடிவிடும். ஆள் கணக்கில் நூற்று இருபது மணி நேரத்துக்கு மேல். திரும்பச் சோதிக்கப் பேக்கிங் ஆட்களுக்கு ஆகப்போகிற இரண்டு நாள் தனி. குப்பைக்குப் போன அறுபத்து மூன்று சட்டை தனி. போகாமல் விட்டது மூன்று காலை. போர்டு முன்னால் மார்க்கரோடு நின்று இதைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை, சலிப்பாக இருந்தது. இந்த ஊரில் எத்தனை லைன், எத்தனை வாய், எத்தனை பேர் மாத்திரை போட்டுக்கொண்டு அறுபதுக்குப் பதிலாக ஐம்பது தைக்கிறார்கள், எத்தனை போர்டுகளில் அதை "நூல்" என்று எழுதியிருக்கிறார்கள்? ஆஸ்பத்திரியைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறந்து வைத்தால் ஆகும் செலவை யாராவது இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்களா?

சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையருக்குப் போகும் அறிக்கையை நான்தான் எழுத வேண்டும்.

"காரணம் ஊசின்னே எழுதும்மா. ஊசின்னா அவங்ககிட்ட ஒரு முறை இருக்கு, சோதிச்சிட்டோம்னு சொன்னா ஒத்துப்பாங்க. வாயில இருந்து வந்த ரத்தம்னு எழுதினா நோயா, தொத்தான்னு ஆயிரம் கேள்வி வரும். மொத்த ஆர்டரும் போயிடும்."

"மிஷின் நம்பர் கேக்குதே சார்."

"காலர் அக்கா நம்பரையே போடு. அவங்கதான் ஒத்துக்கிட்டாங்களே. சின்னப் பொண்ணு இருந்துட்டுப் போகட்டும்." கொஞ்சம் தயங்கினார். கெட்ட மனிதர் இல்லை. "உங்க அண்ணிகிட்ட சொல்லு. வாய் சரியாயிடுச்சுன்னு டாக்டர் சீட்டு கொண்டு வந்தா பார்க்கலாம். ஆனா அதுவரைக்கும் அவங்க இடத்தைக் காலியா வச்சிருக்க முடியாது, உனக்கே தெரியும்."

எனக்கே தெரியும். ஊசி என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மிஷின் நம்பர் பதினேழு என்று எழுதினேன்.

வீட்டுக்குப் போனபோது அண்ணி சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாகக் கம்பெனிக்குக் கொண்டுபோன டப்பாவையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னன்னு எழுதின?" என்றாள், திரும்பாமல்.

"ஊசின்னு."

தண்ணீரை நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் சிரித்த அதே சத்தம்.

"அடிப்பாவி! அப்போ நான் அத்தனை பேர் முன்னாடி வாயைப் பொளந்து காட்டினது யாருக்காக?"

"சின்னது தப்பிச்சிட்டா அண்ணி."

"அது போதும்" என்றாள். சிரிப்பு நின்ற பிறகு, "ஆனாலும் ஊசி ஒரு பாவமும் பண்ணலடி" என்றாள். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னதை அவளுக்கு ஞாபகப்படுத்தி மன்னிப்புக் கேட்டேன். "நீ சொல்லலைன்னாலும் நான் போயிருக்க மாட்டேன்" என்றாள். அது பொய். எனக்காகச் சொன்ன பொய்.

திங்கட்கிழமை பல் ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவானது. நாலு பல்லை எடுக்க வேண்டியிருக்கும் என்று அண்ணியே கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டாள். கூட நான் போக வேண்டும். சனிக்கிழமை ஆபீஸ் ரூமில் லீவுச் சீட்டு வாங்கினேன். ஏழு வருஷத்தில் என் முதல் லீவு. காரணம் என்ற கட்டத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கிளார்க் வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஈறா? இதுக்கெல்லாமா லீவு எழுதுவாங்க? காய்ச்சல்னு மாத்திக் குடும்மா, எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

"எனக்குத் தெரியும் சார். அதை அப்படியே ஃபைல் பண்ணுங்க" என்றேன்.